இரண்டாவது சத்தம்

மார்ச் 3

பாம்புக்காது அண்ணனுக்கு,

நலமா என்று கேட்கப்போவதில்லை. நலமாகத்தான் இருப்பாய். போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. கடைசியாகப் பேசியபோது பட்டென்று வைத்தவள் நான்தான், அதற்காக வருத்தமும் படவில்லை. "அப்பாவுக்கு ஒரு நர்ஸைப் போட்டுக்கோ" என்று சொன்னாயே, ஏதோ குழாய்க்கு வாஷர் போட்டுக்கொள்ளச் சொல்வதுபோல, அந்தத் தோரணை இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை. கடிதத்தில் ஒரு வசதி உண்டு. நான் திட்டும்போது நீ குறுக்கே பேச முடியாது.

ஆனால் இதைத் திட்டுவதற்காக எழுதவில்லை. என் கம்ப்யூட்டருக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு வேண்டும். மதிய வெயிலிலும் சூடேறி நின்றுபோகாத கார்டு. சத்தம் போடாத கார்டு. அதைத் தேர்ந்தெடுத்துத் தர உன்னை விட்டால் எனக்கு வேறு ஆள் கிடையாது. என் தலையெழுத்து.

வேலை என்னவென்றால், குழந்தைகளுக்கான பல் ஆஸ்பத்திரி ஒன்று புதிதாகத் திறக்கிறார்கள். வாயைத் திறந்துகொண்டு மல்லாந்து கிடக்கும் பிள்ளைகள் பார்ப்பதற்குக் கூரையில் ஒரு படம் ஓட வேண்டுமாம். கதை கிதை எதுவும் வேண்டாம், வெறும் மேகம் போதும் என்றார் பல் டாக்டரம்மா. கேட்க எளிதாக இருந்தது, தலையை ஆட்டிவிட்டேன். மேகத்துக்குள் வெளிச்சம் புகுந்து, சிதறி, களைத்து, வேறு பக்கமாக வெளியே வர வேண்டும். அந்தக் கணக்கையெல்லாம் கார்டுதான் போடுகிறது. என் பழைய கார்டு மதியமானால் கொதித்துப்போய் மெஷினையே அணைத்துவிடுகிறது. பாதி மேகத்தோடு வானம் கறுப்பாகிவிடும். ஏப்ரல் கடைசிக்குள் படம் வேண்டுமாம்.

மெஷினை அப்பா அறையில்தான் வைத்திருக்கிறேன். ஜன்னலோரம் அவர் கட்டில், கட்டிலை ஒட்டி என் மேஜை, அவர் தலைமாட்டில் தரையில் பெட்டி. ஆயுசு முழுக்க பஸ் ஓட்டிய மனிதர் இப்போது பகல் முழுக்க என் திரையில் மேகம் நகர்வதைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். பக்கவாதத்தில் விழுந்த வலது கைக்குக் கொஞ்சம் அசைவு திரும்பியிருக்கிறது. குரல் வரவில்லை. வியாழக்கிழமைகளில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் டீச்சர் வருகிறார். "ஒரு சத்தம் வரட்டும்மா. அர்த்தமெல்லாம் வேணாம். 'உம்'முனு ஒண்ணு வந்தா போதும், அதைப் புடிச்சுக்கிட்டு நான் மேல ஏறிடுவேன். ஒண்ணுமே இல்லாம நான் எதைப் புடிக்கிறது?" என்கிறார். உதட்டை மூடி எப்படி என்று காட்டுகிறார். அப்பா முயற்சி செய்கிறார், நெற்றி வியர்க்கிறது, காற்று மட்டும் வருகிறது. ஏப்ரல் முடியும்வரை பார்ப்பாராம். அதற்குப் பிறகு அவருக்காகக் காத்திருக்கும் வேறு வீடுகளுக்குப் போக வேண்டுமாம். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

அந்த ஒரு 'உம்'முக்காகத்தான் நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எந்த நேரத்தில் வரும், எவ்வளவு மெல்ல வரும் என்று யாருக்குத் தெரியும்? இந்தக் கார்டின் இரைச்சலில் அது முழுகிப்போய்விட்டால்? அதனால்தான் இது எனக்கு ஜென்மப் பகையாக இருக்கிறது.

இரைச்சலும் ஒன்றல்ல, இரண்டு. ஒன்று ஃபேன். மேகம் தொடங்கினால் ஏறும், முடிந்தால் இறங்கும். அதற்கு அடியில் இன்னொன்று, கனமாக, மந்தமாக. ஃபேன் ஏறிய பிறகுதான் அது ஏறுகிறது, ஃபேன் நின்று சற்று நேரம் கழித்துத்தான் நிற்கிறது. அது என்ன வியாதி என்று சொல்.

சில்வண்டு

---

மார்ச் 9

சில்வண்டுக்கு,

உன் திட்டுகளைத் தாண்டி விஷயத்துக்கு வருவதற்குள் டீ ஆறிவிட்டது.

நான் வேலை பார்க்கும் அறையைப் பற்றி உனக்குச் சொன்னதில்லை என்று நினைக்கிறேன். சுவரெல்லாம் கூர்கூரான பஞ்சுத் திண்டுகள். தரைக்குப் பதில் கம்பிவலை, அதற்குக் கீழேயும் பஞ்சு. நடுவில் ஒரு நாற்காலி, ஒரு தாங்கி, அதன்மேல் ஒரு கார்டு, பக்கத்தில் ஒரு மைக். கதவைச் சாத்தினால் எதுவும் எதிரொலிக்காது. கொஞ்ச நேரத்தில் உன் ரத்தம் ஓடுவதே உனக்குக் கேட்கும். புதிதாக வருகிறவர்கள் முகம் வெளுத்து வெளியே ஓடிவிடுவார்கள். எனக்குப் பிடித்திருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு, ஓடும் கார்டின் சத்தத்தில் எது காற்று, எது பேரிங், எது மின்சாரம் பாயும் சுருள் என்று பிரிப்பேன். எதைக் குறைக்கலாம் என்று எழுதிக்கொடுப்பேன். இதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்பது எனக்கே சில நாள் நம்பமுடியாமல் இருக்கிறது.

புதிய கார்டு வாங்குவதற்கு முன் பழையதைச் சுத்தம் செய். ஃபேனுக்குப் பின்னால் தகடுகளின் இடுக்கில் தூசி அடைத்திருக்கும். சிப்புக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு பசை இருக்கும், இந்நேரம் காய்ந்து பொடியாகியிருக்கும், துடைத்துவிட்டுப் புதிதாக வை. திருகாணிகளை இறுக்கு. பெட்டிக்கு அடியில் ரப்பர் துண்டுகள் வை. இரண்டாவது சத்தம் பெரும்பாலும் தகடு அதிர்வதுதான்.

போனில் பதிவு செய்து அனுப்பாதே. சீராக வரும் எதையும் போன் தேவையில்லாத இரைச்சல் என்று தானாகவே துடைத்துவிடும். உன் வார்த்தையில் எழுது, சின்ன வயதிலிருந்தே ஒன்றுக்கு ஒன்பதாகச் சொல்வாய், அது இங்கே உதவும்.

நர்ஸ் விஷயத்தில் நான் சொன்ன விதம் தப்பு. சொல்லத் தெரியவில்லை. போன் பண்ணினால் "அப்பா காதுல வைக்கிறேன், பேசு" என்பாய். நான் பேசுவேன். அந்தப் பக்கத்திலிருந்து ஒன்றும் வராது. நாள் முழுக்கச் சத்தமில்லாத அறையில் உட்காருகிறவன் நான். அந்த ஒரு சத்தமில்லாமையை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை.

அண்ணன்

---

மார்ச் 15

பாம்புக்காதுக்கு,

நீ சொன்னதெல்லாம் செய்தாகிவிட்டது. உள்ளிருந்து வந்த தூசியைத் திரட்டினால் ஒரு பூனைக்குட்டி செய்யலாம். பசை மாற்றினேன், கையெல்லாம் சாம்பல் நிறம், அப்பா என்னைப் பார்த்து இடது பக்க உதட்டால் சிரித்தார். சூடு கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஆனால் வெயில் ஏறினால் பழைய குருடிதான், மேகத்தின் நடுவில் செத்துப்போகிறது.

இரண்டாவது சத்தம் அப்படியே இருக்கிறது. திருகாணியை இறுக்கிய அன்று போய்விட்டது என்று துள்ளினேன். அன்றைக்கு முடிவெட்டுகிறவர் வந்திருந்தார், அப்பாவை முன்னறைக்குச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போயிருந்தோம். அவ்வளவு நேரமும் ஃபேன் மட்டும்தான், சுத்தமாக. அப்பாவைத் திரும்பப் படுக்க வைத்து, தலையணையைச் சரிசெய்து, காபி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தால், சனியன் மறுபடி ஆரம்பித்துவிட்டது.

இன்னொரு விநோதம். பெட்டியில் காதை வைத்தால் அது கேட்பதில்லை. எழுந்து நின்றால் கேட்கிறது. ஒரு மெஷின் என்னோடு கண்ணாமூச்சி ஆடுகிறது. ஒன்றுக்கு ஒன்பதாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

கடைக்குப் போனேன். கடைக்காரர் என் காதில் நன்றாகப் பூ சுற்றினார். ஒரு கார்டை எடுத்து வைத்தார், சர்க்கஸ் கூடாரம் மாதிரி கலர் கலராக எரிகிறது, பக்கத்தில் இரண்டு குழாய் தொங்குகிறது. "மேடம், இதுக்குள்ள தண்ணி ஓடும். சூடுங்கிற பேச்சுக்கே இடமில்ல" என்றார். "தண்ணி ஒழுகினா?" என்றேன். "ஒழுகாது மேடம்." "ஒழுகினா?" "அப்படி நெகட்டிவா யோசிக்கக் கூடாது மேடம்." திரும்பி வந்துவிட்டேன்.

அந்தச் சத்தமில்லாமையைத் தாங்க முடியவில்லை என்று எழுதியிருந்தாய். எனக்கு மட்டும் முடிகிறதா? நான் அதற்குள்ளேயே சோறு சாப்பிடுகிறேன், அதற்குள்ளேயே மேகம் செய்கிறேன். நேற்று ஒரு மேகத்தை ஜன்னல் வழியாக அறைக்குள் இறங்க வைத்தேன். கட்டிலைச் சுற்றி மெல்ல நடந்து, தலையணைப் பக்கம் நின்று, யாரையோ எழுப்பலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல் நிற்கிறது. பல் டாக்டரம்மா இதை ஒத்துக்கொள்வாரா தெரியவில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது.

எந்தக் கார்டு என்று சீக்கிரம் சொல்.

சில்வண்டு

---

மார்ச் 21

சில்வண்டுக்கு,

உன் இரண்டாவது சத்தம் என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. இங்கே கிடங்கில் உன்னுடைய அதே பழைய மாடல் ஒன்று கிடந்தது. தாங்கியில் ஏற்றி, உன் மேகம் மாதிரியே கனமான வேலை கொடுத்து ஓடவிட்டேன். ஃபேன் ஏறியது, இறங்கியது. அடியில் எதுவும் இல்லை. அளவு பார்க்கும் பையன் எழுதித் தந்த அறிக்கையிலும் இல்லை. காது வைத்தால் கேட்காமல், நின்றால் கேட்கிற சத்தத்தை நான் இதுவரை சந்தித்ததில்லை. சுவர் மூலையில் பட்டுத் திரும்புகிறதோ என்னவோ. சரி, அந்த நோயாளிக் கார்டையே மாற்றிவிடுவோம்.

தண்ணீர்க் குழாய் வேண்டாம் என்று வந்தாயே, சபாஷ். அது மோசமானது என்று சொல்லவில்லை. அதில் ஒரு பம்ப் இருக்கிறது, அது எப்போது களைக்கிறது என்று உனக்குத் தெரியாது. ஒரு நாள் ஓசைப்படாமல் நின்றுவிடும். நல்ல ஃபேன் அப்படி இல்லை, கெடுவதற்குப் பல வாரம் முன்பே முணுமுணுத்து ஊரைக் கூட்டிவிடும். நம்பகமான குளிர்ச்சி என்றால் கெடாதது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், கெடுவதற்கு முன் சொல்லிவிடுவதுதான் நம்பகமானது.

உனக்காக எடுத்து வைத்திருப்பது கனமான கார்டு. சிப்பின் மேல் செப்புக் குழாய்கள் படுத்திருக்கின்றன, அவை சூட்டை இழுத்துக்கொண்டுபோய் அடர்த்தியான தகடுகளில் பரப்பும். மேலே மூன்று ஃபேன். சின்ன ஃபேன் வேகமாகச் சுற்றித் தள்ளும் காற்றைப் பெரிய ஃபேன் சோம்பலாகச் சுற்றியே தள்ளிவிடும், சத்தம் வராது. பேரிங் மூடியது, உள்ளேயே எண்ணெய் இருக்கிறது. நாளைக்கு ஒரு ஃபேன் போனால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். வேலை இல்லாதபோது மூன்றும் அசையாமல் நின்றுவிடும். இது நீளமான கார்டு, நீ பெட்டியின் முன்பக்கத் தட்டைக் கழற்றிவிட்டால் இடம் போதும். மின்சார இணைப்பை 'டக்' என்று உட்காரும்வரை அழுத்து, அரைகுறையாக விட்டால் அதுதான் முதலில் கருகும். பார்சல் கிளம்பிவிட்டது.

இந்த வேலையில் சேர்ந்த அன்று அப்பாவிடம் சொன்னபோது என்ன சொன்னார், நினைவிருக்கிறதா? "சத்தத்தைக் கொல்ற வேலையாடா? எஞ்சின்னா பேசணும்டா. பேசாத வண்டியை எவன் நம்பி ஓட்டுவான்?" விளையாட்டாகத்தான் சொன்னார். நான்தான் முகத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

நேற்று உன் மேகம் என் பஞ்சு அறைக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்ததாகக் கனவு. எழுந்தபோது என் தலையணை ஈரமாக இருந்தது. மேகம்தான் காரணம் என்று வைத்துக்கொள்.

அண்ணன்

---

மார்ச் 30

அண்ணனுக்கு,

கார்டு வந்தது, போட்டேன். 'டக்' என்று உட்காரும்வரை அழுத்தினேன், கட்டைவிரல் இன்னும் வலிக்கிறது. நீ சொன்னது உண்மை. வெயில் உச்சிக்கு வந்தபோதும் மேகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன, ஒருமுறைகூட வானம் கறுக்கவில்லை. சத்தம் அறவே இல்லை. முதல் சத்தமும் இல்லை, இரண்டாவதும் இல்லை. கடிகாரம் கேட்கிறது. ஜன்னல் திரை அசைவது கேட்கிறது. நீ கைராசிக்காரன்தான், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அப்பாவுக்கு உடம்புக்கு என்னவோ. புதிய கார்டு போட்ட மறுநாளிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. மேகத்தைப் பார்ப்பதில்லை. சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். முன்பெல்லாம் மதியத்தில் இடது கை போர்வைமேல் எதையோ தள்ளுவதும் இழுப்பதுமாக இருக்கும், எறும்பு விரட்டுகிறாரோ என்று நினைப்பேன், அதுவும் நின்றுவிட்டது. டாக்டர் வந்து பார்த்தார். ரத்த அழுத்தம் சரி, எல்லாம் சரி என்கிறார். எதுவும் சரியில்லை.

டீச்சர் வந்தபோது அவர் கண்ணையே திறக்கவில்லை. வாசலில் செருப்பு மாட்டும்போது டீச்சர் என் கையைப் பிடித்து, "சில பேருக்கு வராமலே போயிடும்மா. நீங்க மனசைத் தயார் பண்ணிக்கணும்" என்றார். உள்ளே வந்து, இவ்வளவு அமைதியான அறையில் எவ்வளவு மெல்லிய 'உம்' வந்தாலும் எனக்குக் கேட்டுவிடும் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாள் முழுக்க உட்கார்ந்தேன். பயமாக இருக்கிறது அண்ணா.

சில்வண்டு

---

ஏப்ரல் 4

சில்வண்டு,

போன் அடித்தேன், மணியே அடிக்கவில்லை. என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய், மகராசி. அதனால் கூரியரில் வருகிறது. நின்றுகொண்டே படி.

அந்தப் பழைய மாடலை இன்னொருமுறை ஓடவிட்டேன். விட மனசு வரவில்லை. இந்தமுறை அறிக்கைக்குக் காத்திருக்காமல், ஓடி முடிந்ததும் வெளியே வந்து மைக் பிடித்ததை அப்படியே திரையில் பார்த்தேன். ஃபேனின் கோட்டுக்கு அடியில் இன்னொரு கோடு இருந்தது! ஃபேன் ஏறிய பிறகு ஏறுகிறது, நின்ற பிறகு நிற்கிறது. உன் சத்தம் அகப்பட்டுவிட்டது என்று கத்தியேவிட்டேன். பக்கத்தில் இருந்த அளவு பார்க்கும் பையன் சிரித்தான். "சார், அது மெஷின் இல்ல. நீங்கதான். கண்ணை மூடுனா ஃபேன் கூடவே முனகுவீங்க. எப்பவும் பண்ணுவீங்க. நான் அதைக் கழிச்சுட்டுத்தான் அறிக்கை எழுதுவேன்."

எனக்குத் தெரியாது. இத்தனை நாள் எனக்கே தெரியாது.

நாம் இரண்டு பேரும் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து போவோமே, ஞாபகம் இருக்கிறதா? மேட்டுச் சாலையில் வண்டி ஏறும்போது எஞ்சினோடு சேர்ந்து அப்பாவும் முனகுவார். முதல் கியருக்கு அடித்தொண்டை, இரண்டாவதுக்கு நெஞ்சு, மூன்றாவதுக்கு மூக்கு. வண்டி நின்ற பிறகும் கொஞ்சம் இழுத்துவிட்டுத்தான் நிறுத்துவார். வாய் மூடித்தான் இருக்கும். அவர்தான் என்று பின்சீட்டில் யாருக்கும் தெரியாது.

இப்போது ஒன்றே ஒன்று யோசித்துப் பார். ஃபேன் விடாமல் சுற்றிக்கொண்டிருக்கும்போது, அந்த இரண்டாவது சத்தம் நடுநடுவே அறுந்து, மறுபடி தொடர்ந்ததா? எந்த ஃபேனும் மூச்சு வாங்காது, சில்வண்டு.

பழைய கார்டைத் திரும்பப் போடு. டீச்சர் வருவதற்கு முன்னால் போடு. காதைப் பெட்டியில் வைக்காதே.

அண்ணன்

---

ஏப்ரல் 11

அண்ணா,

நின்றுகொண்டே படித்தேன். படித்து முடித்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

அறுந்தது. ஆமாம், அறுந்து அறுந்துதான் வந்தது. ஏதோ பல்சக்கரம் வழுக்குகிறது என்று நினைத்திருந்தேன்.

புதிய கார்டை நான் கழற்றும்போது அப்பா சுவர்ப்பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பழையதை மாட்டினேன், அவசரத்தில் இரண்டு திருகாணி கட்டிலுக்கடியில் ஓடிவிட்டது. இருப்பதிலேயே பெரிய மேகத்தைப் போட்டேன். பெட்டிப் பக்கம் போகாமல் அவர் தலையணை ஓரத்தில் உட்கார்ந்தேன். ஃபேன் ஏறியது. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். அவர் மெல்ல இந்தப் பக்கம் திரும்பினார், திரையைப் பார்த்தார். பிறகு, எங்கிருந்தோ என்று சொல்ல மாட்டேன், அவர் தொண்டையிலிருந்துதான் வந்தது. கழுத்தில் விரல் வைத்தேன். அதிர்ந்தது. இடது கை போர்வைமேல் தள்ளியது. எறும்பு விரட்டவில்லை அண்ணா, கியர் மாற்றினார்.

நான் அழுத அழுகையைப் பற்றி எழுதப்போவதில்லை. அப்பாவின் குரலுக்காகக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு காத்திருந்தவள், அது வந்தபோது ரிப்பேர் என்று உனக்கு எழுதினேன். நீயும் சாமர்த்தியமாக அதை நிறுத்திக் கொடுத்தாய். நல்ல பிள்ளைகளைப் பெற்றிருக்கிறார்.

வியாழனன்று டீச்சர் வந்தார். நான் மேகத்தை மட்டும் ஓடவிட்டேன். தோளில் பையோடு அப்படியே நின்றார். "இதை எப்ப இருந்து பண்றாரு?" என்றார். "மெஷின் வந்ததுல இருந்தே இருக்கும் டீச்சர். நான்தான் திருகாணி லூசுன்னு நெனச்சேன்." அவருக்குச் சிரிப்பு வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பாவை ஃபேன் இல்லாமல் செய்யச் சொல்லிப் பார்த்தார். வரவில்லை, காற்றுதான். ஃபேன் ஏறினால் வருகிறது. "நாம கேட்டா வராது. வண்டி கூப்பிட்டாதான் வருது. பரவாயில்ல, வண்டியே கூப்பிடட்டும். நான் மே மாசமும் வரேன்" என்றார்.

இப்போது என் பிரச்சினையைக் கேள். பழைய கார்டு இருந்தால் அப்பா பாடுகிறார், மதியத்தில் மெஷின் சாகிறது, அவர் மேட்டின் நடுவில் நின்றுபோய்த் திகைத்துப் பார்க்கிறார். அந்தப் பார்வையை என்னால் பார்க்க முடியவில்லை. புதிய கார்டு இருந்தால் படம் முடியும், அப்பா சுவரைப் பார்ப்பார். இதுவா அதுவா என்று என்னைக் கேட்காதே. எனக்கு இரண்டும் வேண்டும். சூடேறி நிற்காத கார்டு, ஆனால் பேசுகிற கார்டு. தேர்ந்தெடுத்துக் கொடு, நீதானே பெரிய பாம்புக்காது.

உன் எண்ணைத் திறந்துவிட்டேன். தடுத்ததே மறந்துபோயிருந்தது. போன் செய்யாதே, குரல் கேட்டால் அழுதுவிடுவேன். எழுது.

சில்வண்டு

---

ஏப்ரல் 15

சில்வண்டுக்கு,

புதிய கார்டைத் திரும்ப மாட்டு. மேகத்துக்கு அதுதான். இதில் மாற்றமில்லை.

பழைய கார்டை ஒரு துணியில் சுற்றி வை. அதற்கு இனிமேல் கணக்குப் போடும் வேலை கிடையாது, அதனால் சூடும் கிடையாது, நடுவழியில் நிற்கவும் நிற்காது. அதன் ஃபேனுக்கு மட்டும் தனியாக மின்சாரம் கொடுக்கப்போகிறேன். வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு தண்டு. திருகுகிற குமிழ் இல்லை, தள்ளுகிற தண்டு, மூன்று இடத்தில் கடக்கென்று நிற்கும்படி. கட்டிலின் இடது பக்கச் சட்டத்தில் பொருத்திவிட்டால் அப்பா கைக்கு எட்டும். வண்டியை அவரே ஓட்டட்டும். மேகம் எப்போது முடியும் என்று அவர் ஏன் காத்திருக்க வேண்டும்?

இங்கே கிடங்கில் கிடந்த அதே மாடலைப் பஞ்சு அறையில் வைத்து மூன்று நிலைகளுக்கும் சத்தம் சரிபார்த்துவிட்டேன். முதல் கியருக்கு ஃபேன் போதவில்லை, முன்னால் ஒரு தகர மூடி வைத்து அடித்தொண்டை வரவழைத்தேன். சத்தத்தைக் குறைக்கச் சொல்லியே பழக்கப்பட்டவன், முதல்முறையாகக் கூட்டினேன். அளவு பார்க்கும் பையன் என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தான். அவன் கழித்து வைத்திருந்த என் முனகல்களைக் கேட்டு வாங்கிக் கேட்டேன். அசல் அப்பா. தொண்டைகூடவா பரம்பரையாக வரும்?

இதைப் பார்சலில் அனுப்ப மாட்டேன். அளவு பார்த்துத்தான் பொருத்த வேண்டும். லீவு சொல்லிவிட்டேன், இருபதாம் தேதி வருகிறேன். வாசலில் வைத்துத் திட்டாதே, உள்ளே கூப்பிட்டுத் திட்டு.

எனக்குப் பயமாக இருக்கிறது. அப்பா என்னைப் பார்த்து முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை.

அண்ணன்

---

மே 6

அண்ணனுக்கு,

ஊர் போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணினாய், நன்றாகத்தான் பேசினோம், சண்டைகூட வரவில்லை. ஆனாலும் இதை எழுதத்தான் வேண்டும், போனில் சொன்னால் பாதியை விட்டுவிடுவேன்.

முதலில் வேலை. படத்தைக் கொடுத்துவிட்டேன். பல் டாக்டரம்மா நாற்காலியில் தானே மல்லாந்து படுத்துப் பார்த்தார். கட்டிலைச் சுற்றி நடக்கும் மேகம் வந்தபோது ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அசந்து தூங்கிவிட்டார். "இதுதாம்மா வேணும்" என்றார் எழுந்து. உன் கார்டு ஒருமுறைகூட மூச்சுத் திணறவில்லை.

நீ வந்த அன்று பயந்தாயே, அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று. உன்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நீ தண்டைப் பொருத்தும் திருகாணியைப் பார்த்தார், அது கோணலாக இருக்கிறது என்று விரலால் காட்டினார். நீ கழற்றி மறுபடி மாட்டினாய். அப்போது உன் முகத்தை நான் பார்த்தேன், நீ பார்க்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு வாரமும் அவர் தலைமாட்டில், பின்சீட்டில் உட்காருவதுபோலவே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாய். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து முனகியதை வாசலில் நின்ற பால்காரர் கேட்டுவிட்டு, "தண்ணி மோட்டார் புதுசாங்க?" என்றார். அதை உன்னிடம் சொல்ல மறந்துபோனேன்.

நீ போன பிறகு நேற்றுவரை ஓட்டவில்லை. தண்டைத் தொடுவார், விட்டுவிடுவார். உன் நாற்காலியைப் பார்ப்பார். நான் அதை நகர்த்தவில்லை. நேற்று மதியம் புதிய படத்துக்கு ஒரு நீளமான மேகம் செய்துகொண்டிருந்தேன், மலைச்சரிவில் கீழிருந்து மேலே ஏறுகிற மேகம். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தண்டைத் தள்ளினார். முதல் கியர், அடித்தொண்டை. மேகம் ஏற ஏற இரண்டாவது. பிறகு மூன்றாவது, வாய் தானாகவே திறந்துகொண்டது, முனகல் 'ஆ' என்று ஆனது. டீச்சர் 'மேல ஏறிடுவேன்' என்றாரே, அந்த அடுத்த படி அது. நான் திரும்பவில்லை. திரும்பினால் நின்றுவிடுவார் என்று பயம், திரையின் கறுப்பு ஓரத்தில் தெரிந்த அவர் நிழலை மட்டும் பார்த்தேன்.

மேகம் இன்னும் உச்சிக்கு வரவில்லை. அதற்குள் கடக், கடக், கடக் என்று தண்டைக் கடைசிவரை இழுத்துவிட்டார். கை வழுக்கியதோ, வேண்டுமென்றே செய்தாரோ, எனக்குத் தெரியாது. உன் தகர மூடி ஒருமுறை அதிர்ந்து ஓய்ந்தது. அறையில் கடிகாரம் கேட்டது. எப்போதும்போல அரை மூச்சு இழுத்துவிட்டு அவரும் நிற்பார் என்று காத்திருந்தேன்.

ஃபேன் நின்றுவிட்டது அண்ணா. அப்பா நிற்கவில்லை. மேகத்தை உச்சிவரை ஏற்றிவிட்டுத்தான் மூச்சு வாங்கினார்.

சில்வண்டு